முன்னால் சாய்ந்து தூங்கியவர்

மெத்தை, தலையணை தைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு, டாக்டர். அதனால் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து தூங்குவதற்கு ஒரு சரிவுத் தலையணை தைப்பது பெரிய வேலையாக இல்லை.

என் கொழுந்தன் உங்கள் மேல் புகார் கொடுக்கப் போகிறான். போனிலேயே விசாரித்து அண்ணனைக் கோட்டை விட்டுவிட்டீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். உங்கள் தலையில் பழி விழக்கூடாது என்றுதான் வந்தேன்.

முதல் தடவை இதயத்தைச் சுற்றியிருந்த நீரை ஊசி வழியாக எடுத்தபோதே எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். நீர் மறுபடி சேரலாம், சேர்ந்தால் இதயத்தை விரியவிடாமல் நெருக்கும், படுத்தால் மூச்சு முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், உடனே கூட்டி வாருங்கள் என்று. ஒன்றையும் நான் மறக்கவில்லை.

அவர் லாரி ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போனார். சீக்கு வந்த பிறகுதான் எனக்குப் புருஷன் கிடைத்தார். நான் வெட்டும் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். தையல் மெஷின் சத்தம் நின்றால், முதலாளியம்மா தூங்கிட்டாங்களா என்று கேலி செய்வார். உடம்பு தேறியதும் லாரி முதலாளிக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் வண்டி எடுக்கிறேன் என்றார். மறுபடி விருந்தாளி ஆகிவிடுவார் என்று தோன்றியது.

அப்புறம் ஒரு மதியம், படுத்தவர் மூச்சுக்குத் தவித்து எழுந்து உட்கார்ந்தார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாடி?" என்று கேட்டார்.

"வாயுவா இருக்கும். கொஞ்சம் சாஞ்சுக்குங்க" என்றேன்.

கொஞ்சம் நீர் இருந்தால் வண்டி ஏற முடியாது, அவ்வளவுதான் நினைத்தேன். அன்றைக்கே அந்தத் தலையணையைத் தைத்தேன். அதில் சாய்ந்ததும் மூச்சு இலகுவானது. என் கைராசி என்றுகூடச் சொன்னார்.

நீங்கள் வழக்கம்போல் போன் செய்தீர்கள்.

"படுத்தா மூச்சு முட்டுதாம்மா?"

"இல்ல டாக்டர். நல்லா தூங்குறார்."

அது பொய்யில்லை. அவர் படுக்கவே இல்லை. எப்படித் தூங்குகிறார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்ததும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

இரண்டு நாளில் அவர் கைகால் சில்லிட்டன. பேச்சு குழறியது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். பிழைத்தால் போய்விடுவார் என்றும் தெரியும். போன் பக்கத்திலேயே இருந்தது. நான் அவர் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொன்றது நான்தான், டாக்டர். இதைக் கொழுந்தனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள், அவனுக்கு ஆறுதலாக இருக்கும்: அவன் அண்ணன் கடைசியில் என்னை விட்டு எங்கேயும் போக விரும்பவில்லை.