இரண்டு வரிகளும் ஒரு பொன்னாடையும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மதுமதி அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளைக்கு மட்டுமல்லாமல் பெயர் தெரியாத பிள்ளைக்கும் குருதி கொடுத்த தாய்மார்களே, அபிராமபுரம் குருதிக் கொடையாளர் சங்கத்தின் செயலாளன் அப்துல் சமத்தின் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மேடையில், ஒரு தாயின் உயிரைக் காத்தவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். இன்று அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நம் கொடையாளர் பதிவேடு இருந்த பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தோம். பதினோரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. ஸ்வர்ணலதா என்ற பெண்ணுக்குப் பிரசவம், ரத்தம் நிற்கவில்லை. அவருடையது பம்பாய் வகை ரத்தம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். நம் பதிவேட்டில் அப்படி ஒருவர் இருந்தார். யார் அவர்? எங்கே அவர்? சொல்ல வேண்டிய சர்வர் வாய் திறக்கவில்லை.

வந்தார் மர்சலின். சாந்தோம் பெண், நம் கணினிகளைக் கவனித்துக்கொள்பவர். திரையைப் படித்தார்.

"மெமரி நிறைய இருக்கு சார். ஆனா எல்லா புரோகிராமும் சேர்ந்து எடுத்துக்கிற ஷேர்டு மெமரிக்கு அளவு ரொம்ப கம்மியா வச்சிருக்கு."

மண்டபம் பெரியது, விரித்த பாய் சிறியது. அமைப்புக் கோப்பில் ஒரே ஓர் எண்ணை மாற்றினார். உறங்கிய பதிவேடு விழித்தது. ஆனால் அலுவலக மேசையிலிருந்து அதை எட்ட முடியவில்லை. பின்வரிசை நண்பர் சிரிக்கிறார். எனக்கும் அன்று புரியவில்லை ஐயா. எந்தச் சேவை எந்த எண்ணுள்ள கதவில் காத்திருக்க வேண்டும் என்று சர்வருக்குச் சொல்ல ஒரு கோப்பு உண்டாம். அதில் நம் பதிவேட்டுக்கான வரி இல்லை.

"பழைய சர்வர் கோப்புல இருந்த கடைசி வரி எங்க சார்?" என்று கேட்டார் மர்சலின்.

"நான்தாம்மா எடுத்தேன். யாருக்கும் வேண்டாத வரின்னு நெனச்சேன்."

ஆம், அன்பர்களே. கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த வரியை அழித்தவன் நான். உங்கள் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டவனும் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாள் சொல்லாதது அதைவிட வெட்கம்.

திட்டினாரா? இல்லை. முகம் சுளித்தாரா? இல்லை. ஒரு பெயர், ஓர் எண், மீண்டும் எழுதினார். சேவையை மறுபடி தொடங்கினார். கதவு திறந்தது. வடபழனி பேருந்து ஓட்டுநர் தணிகாசலத்தின் பெயர் வந்தது. அழைத்தேன்.

"வந்துக்கினே கீறேன் சார், போனை வை."

வந்தார், கொடுத்தார். தாயும் பிழைத்தார், மகளும் பிழைத்தாள்.

இரண்டே வரிகள், பெருமக்களே. கண் காணாத நினைவகத்துக்கு ஓர் எண். கை தொடாத கதவுக்கு ஓர் எண். அந்த இரண்டின் மேல் இரண்டு உயிர்கள் நின்றன என்றால், வியக்காமல் என்ன செய்வது? இன்றும் நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சென்ற வாரம் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். வரிக்கு மேல் மர்சலின் ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். "இந்த வரியை எடுக்க வேண்டாம். இந்த வழியாகத்தான் ரத்தம் கேட்டு வருகிறார்கள்." தேதி இருக்கிறது. அழித்தவன் பெயர் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை.

எங்கே அவர் என்று தேடுகிறீர்களா? மேடையில் இல்லை, மாடியில் இருக்கிறார். இன்றைய முகாமுக்கு வந்தவர்களின் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன, சர்வரை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். தலைவர் அவர்களே, அந்தப் பொன்னாடையை மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றியும் வணக்கமும் சொல்லி, மாடிப்படி ஏறப் போகிறேன்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் ஸ்வர்ணலதா அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்களும் வாருங்கள்.