கண்ணாடி விளிம்பில் எவோதியோவின் காசு

தலைமைப் பீடத்தில் தளராமல் வீற்றிருக்கும் கரும்பு வெட்டுவோர் சங்கத் தலைவர் புல்ஹென்சியோ அவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அன்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இறால் வலையை இன்று ஒருநாள் மடித்து வைத்திருக்கும் பெரியவர்களே! தேவாலய மதில்மேல் தொற்றிக்கொண்டிருக்கும் என் செல்லக் குரங்குகளே! அனைவருக்கும் வணக்கம்.

எல்லோரும் நலமா? சாப்பிட்டீர்களா? நேற்றைய வாடைக்காற்று யார் வீட்டுத் தகரத்தையாவது தூக்கிப் போனதா?

என்ன? பிலேமோன் வீட்டுத் தகரமா? கவலைப்படாதே தம்பி, அது என் கொல்லையில்தான் கிடக்கிறது. கோழி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதனிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்.

மீன்பெட்டிக்கு ஐஸ் உடைக்கிற இந்த நசாரியோவை எதற்கு மேடையேற்றினார்கள்? சண்டை விளையாட்டுப் போட்டியைத் தொடங்கி வைக்க! இதோ, என் பக்கத்தில் பளபளவென்று பெரிய டிவி. அதன் கீழே புது வீடியோ கேம் பெட்டி. அதோ, எதிரே உபால்தாவின் சோள ரொட்டிக் கடையில், காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் மெஷின். அதை ஏற்றிப்போக வாசலில் லாரி நிற்கிறது. காலையிலிருந்து நிற்கிறது! ஏன் நிற்கிறது? ஆளில்லையா? கயிறில்லையா? லாரிக்காரர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: “கண்ணாடி மேல காசு இருக்கே, யாராவது எடுங்கப்பா.”

எடுத்தோமா? எவனாவது எடுத்தானா? அத்தனை பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்!

நம் கடையில் சட்டம் ஒன்றுதான். அடுத்த ஆட்டம் எனக்கு என்பவன், மெஷின் திரைக் கண்ணாடியின் விளிம்பில் காசை வைக்க வேண்டும். வைத்தவன் வந்து எடுக்கும்வரை அதை இன்னொருவன் தொடக்கூடாது. மேயர் வந்தாலும் வரிசை, மாடு மேய்ப்பவன் வந்தாலும் வரிசை.

பல வருஷம் முன்னால் ஒருநாள், ஜெயித்து நின்றவன் நான். எனக்குச் சவாலாகக் காசு வைத்தவன் எவோதியோ, உபால்தாவின் புருஷன். அவன் ஆடுவது எப்போதும் திரையில் வருகிற முகமூடி மல்லனை வைத்துத்தான். மணி அடித்ததும் அந்த மல்லனை இரண்டு தடவை குனிய வைப்பான். அதுதான் அவன் வணக்கம். அதற்குப் பிறகுதான் அடி! காசை வைத்த நேரம் பார்த்து, அவன் படகு கட்டவிழ்ந்து போகிறதென்று யாரோ கத்தினார்கள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“நசாரியோ, ஓடிடாதடா. உபால்தா, என் முறையை எவனுக்கும் விட்டுக்குடுத்துடாத. இதோ வந்துட்டேன்!”

அன்று வாடை வீசியது. படகு ஆற்று முகத்துவாரத்தில் கவிழ்ந்தபடி வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை.

பாதிரியார் இறந்தவனுக்கான பூசை வைக்கலாம் என்றார். உபால்தா என்ன சொன்னாள்? “காசு அங்கதான் இருக்கு சாமி. காசு வெச்சவரு வருவாரு.” சொல்லிவிட்டு ரொட்டி புரட்டப் போய்விட்டாள். அந்தக் காசை ஓரத்தில் விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நாம் வரிசை வைத்துக்கொண்டோம். ஊர் ஆடியது. நான் மட்டும் ஆடவில்லை.

அடுப்பெரியும் கடை அது. உள்ளே போனால் சட்டை முதுகில் ஒட்டும். ஆனால் அந்தக் காசைச் சுற்றி மட்டும் எப்போதும் ஈர வளையம். உபால்தா துடைப்பாள். மறுநாள் மறுபடி ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்த பிலேமோன் சொல்லட்டும்.

“உப்பு கரிச்சதுண்ணே!”

கேட்டீர்களா? உப்பு!

சரி, வீட்டு டிவியில் மாட்டி ஆடுகிற இந்தப் பெட்டிக்கு வருவோம். உபால்தாவின் தம்பி வடக்கேயிருந்து இதுபோல ஒன்று கொண்டுவந்தான். அதே சண்டை, அதே மல்லன். ஊரே அவள் வீட்டில் கூடியது. ஒரு சண்டை தொடங்குவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம்! பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரலில் கொப்புளம் வந்து, பிலேமோன் உப்புத்தண்ணீரில் கையை ஊறவைத்தான். நம் மெஷின் திரையில், சண்டை போடுகிறவர்களுக்குப் பின்னால் கடைத்தெருவில் ஒரு நாய் வாலாட்டுமே, அதைக் காணவில்லை! “நாய் எங்கடா?” என்று கேட்டு, டிவிக்குப் பின்னால் போய்த் தேடிய பெரியவர் யாரென்று நான் சொல்லமாட்டேன். தலைவர் அவர்களே, நீங்கள் ஏன் கைக்குட்டையை எடுக்கிறீர்கள்?

நாய் போனால் போகட்டும். விளிம்பு எங்கே? காசு வைக்க விளிம்பு எங்கே? வெளியே போனவனுக்கு இடம் பிடித்து வைக்க, வராதவன் வரும்வரை காத்திருக்க, அந்தப் பெட்டியில் இடம் எங்கே? வீட்டில் நீ கூப்பிட்டவன்தான் எதிரே உட்காருவான். கடையில் அப்படியா? நீ பாட்டுக்குத் தனியாக ஆடிக்கொண்டிருப்பாய். பக்கத்தில் எவனோ காசு போட்டுப் பொத்தானை அழுத்துவான். ஆட்டம் நிற்கும். புதிய சவால் வந்ததென்று திரை மின்னும். யார் என்று நீ திரும்பிப் பார்ப்பாய்.

ப்ராக்ஸெதிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாடைக்காலம், பட்டப்பகல். கரும்பு லாரிக்கு ஆள் ஏற்றும் நம் ப்ராக்ஸெதிஸ், கடையில் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறான். உபால்தா பின்கட்டில் மாவரைக்கிறாள். காற்று ஓய்ந்தது. ஆட்டம் நின்றது. திரை மின்னியது. சவால்! எதிராளிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கட்டம் நகர்ந்து போய் முகமூடி மல்லன்மேல் நின்றது. மணி அடித்தது. மல்லன் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

நான் அவனைக் கேட்டேன்: “டேய், மெஷின்ல எதிராளி பிடிச்சு ஆட்டுற பக்கத்துக் குச்சி அசைஞ்சுதா?”

“அதைப் பாக்க எனக்குத் தைரியம் வரலண்ணே. என் தோள்ல சொட்டு சொட்டா தண்ணி விழுந்துச்சு. கூரை ஒழுகலண்ணே. வெளிய நல்ல வெயிலு.”

ரிப்பேர்காரர் வந்து, கம்பியில் ஈரம் என்றார். இருக்கலாம். ஐயா, ஈரத்துக்கு வணக்கம் வைக்கத் தெரியுமா? ஈரம் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்குமா?

ஆகவே, அன்பு நெஞ்சங்களே! அந்தக் காசை எடுக்கலாமா? கூடாது! அதோடு சேர்த்து மெஷினைத் தூக்கலாமா? கூடாது! காசு எதற்கு வைத்தது? ஆடுவதற்கு! வைத்தவன் முறை முடியாமல் அவன் எப்படிப் போவான்? அவன் போகாமல் அவள் எப்படி அழுவாள்? இத்தனை காலமும் அந்தப் பெண் அழுது யாராவது பார்த்தீர்களா? அவன் முறையை ஆடி முடிக்க வேண்டும். எதிரே நிற்க வேண்டியவன் நான். பயமா என்று கேட்கிறீர்களா? மேடை ஆடுவது உங்களுக்கே தெரியவில்லையா?

யாரது எழுந்து போவது? உபால்தாவா? வழி விடுங்கள். தாய்மார்களே, அவளைப் பிடிக்காதீர்கள், போகட்டும். அவள் எடுக்கலாம். அவளிடம்தானே அவன் ஒப்படைத்துவிட்டுப் போனான்?

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் சீட்டியடித்தவர்களுக்கும், மைக் பிடித்துக் கொடுத்தவருக்கும் என் நன்றி உரித்தாகுக. இந்தப் போட்டியை இப்போது நான் முறைப்படி...

“நசாரியோண்ணே! சீக்கிரம் வாங்க! அக்கா காசைப் போட்டுட்டாங்க!”

இருடா ப்ராக்ஸெதிஸ், அவளை எவோதியோவின் குச்சியில் கை வைக்காமல் நிற்கச் சொல்.

“அக்கா ரெண்டு கையையும் சால்வைக்குள்ள வெச்சுக்கிட்டுத்தாண்ணே நிக்கிறாங்க! அந்தப் பக்கம் தானாவே ஆளைத் தேர்ந்தெடுத்தாச்சு! மல்லன் நிக்கிறான், உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு...”

தலைவர் அவர்களே, மன்னியுங்கள். எல்லோருக்கும் வணக்கம். டேய் எவோதியோ, நான் ஓடலடா, இதோ வந்துட்டே