திரை போட்ட அம்பாசிடர்

இடது முழங்கால் இரண்டு நாளாக மடங்க மாட்டேன் என்கிறது, ஐயா. பதினாறு வருஷம் கிளட்ச் மிதித்த கால். கொஞ்சம் நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன். எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் முனுசாமி. பெரிய காஞ்சிபுரம் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் கல்குவாரியில் ஜல்லிக் கூடை சுமந்தேன்.

அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கும். ஸ்டாண்டில் ஐந்து வண்டிகள் நின்றன. வாடகை வண்டியை ஒருத்தர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ராஜகோபாலின் சுமோ புதுசு, ஏசி வேறு. ஆனால் கதவில் டிராவல்ஸ் பெயரும் போன் நம்பரும் பெரிதாக எழுதியிருந்தது. வேண்டாம் என்றாள். இன்னொருவன் டிரிப் ஷீட்டை நீட்டி, பெயர், விலாசம், போகிற இடம் எல்லாம் எழுதச் சொன்னான். அதுவும் வேண்டாம்.

“இன்னாமா, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி சுத்திச் சுத்திப் பாத்துக்கினு இருக்கே?” என்றான் ராஜகோபால்.

“பொண்ணுன்னா வாய் தெறந்து பேசணும். வண்டி பேசக்கூடாதுண்ணே.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

என்னுடையது பழைய அம்பாசிடர். கதவில் பெயர் கிடையாது. பட்டுப்புடவை எடுக்க வருகிற கல்யாணக் கூட்டத்துக்கு வெயில் படக்கூடாதென்று பின்சீட்டு ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை போட்டிருந்தேன். அதை இழுத்து மூடிப் பார்த்தாள். உள்ளே உட்கார்ந்து, இரண்டு பக்கக் கதவையும் சாத்தித் திறந்து பார்த்தாள்.

“டிரிப் ஷீட் எழுதுவீங்களாண்ணே?”

“அந்தப் பழக்கமே இல்லமா.”

“வண்டி யாருது?”

“என்னுதுதான்.”

“எங்க எறக்கினீங்கன்னு யாராச்சும் கேட்டா?”

“என் வாயில வராதுமா.”

ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. நான் சொன்ன எதிலும் பொய் இல்லை.

சோளிங்கர் போவதற்கும், வெள்ளிக்கிழமை திரும்பி வருவதற்கும் சேர்த்து முன்கூட்டியே வாடகை கொடுத்துவிட்டாள். வழியில் பயம் தெளிந்து அவளே பேசினாள். பெயர் தேவிப்ரியா. ஏனாத்தூரில் வேலை. அருள் என்கிற பையனைக் கல்யாணம் செய்யப்போகிறாள். வேறு சாதி. ரிஜிஸ்டர் ஆபீசில் இரண்டு பேர் பெயரையும் முப்பது நாளைக்குப் பலகையில் ஒட்டி வைப்பார்களாம். அதை வீட்டுக்குத் தெரிந்தவர் யாரோ படித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கெடு முடிகிறது. வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். அதுவரைக்கும் ஒளிந்திருக்க வேண்டும். அப்பா பெயரை மட்டும் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“ஊரே படிக்கிற மாதிரி அட்ரஸோட ஒட்டிட்டாங்கண்ணே. வண்டியாச்சும் நானே பாத்து எடுக்கணும்னு இருந்தேன்.”

சோளிங்கரில் சிநேகிதி வீட்டு வாசலில் இறக்கினேன். வெள்ளிக்கிழமை வந்து இரண்டு தடவை ஹாரன் அடிக்கச் சொன்னாள். வேறு யார் வந்து கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டேன் என்றாள்.

வியாழக்கிழமை தர்மன் ஸ்டாண்டுக்கு வந்தார். நான் கூடை சுமந்த குவாரி அவருடையது. என்னை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவரும், இந்த வண்டி வாங்க பேங்கில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஹாஸ்டலில் வளர்ந்த அவர் மகளை நான் பார்த்ததில்லை. மகள் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தார். தேவிப்ரியாதான். ஐந்து வண்டியையும் சோதனை போட்டுவிட்டுப் போன பெண்ணை யார் மறப்பார்கள்? ராஜகோபால் என் பக்கம் கையை நீட்டினான். அவள் கிடைத்த முதல் வண்டியில் ஏறிப் போயிருந்தால் ஒருத்தனுக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

தர்மன் சத்தம் போடவில்லை. “நீ ஒண்ணியும் சொல்ல வாணாம் முன்சாமி. காலைல எங்கள ஏத்திக்கினு, அவள எங்க வுட்டியோ அங்க போய் நில்லு, போதும்.”

நான் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். வழி நெடுக ஊர்ப் பெயரைக்கூட என் வாயால் சொல்லவில்லை.

பின்சீட்டில் தர்மனும் அவர் அண்ணன் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். திரை மூடியிருந்தது. இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். ஈரத் தலையோடு, அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். இடது பக்கக் கதவைத் திறந்து பாதி உடம்பு உள்ளே வந்த பிறகுதான் அவர்களைப் பார்த்தாள். அண்ணன் மகன் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னியேண்ணே,” என்றாள்.

“சொல்லலமா,” என்றேன்.

அரை மணி நேரம் ஓட்டியிருப்பேன். ஓர் ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னார்கள். நான் இறங்கி பானெட்டைத் தூக்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். வண்டி கொஞ்ச நேரம் ஆடியது. இடது கதவின் உள்பக்கம் கையால் தடவித் தேடுகிற சத்தம் கேட்டது. கைப்பிடி இருக்க வேண்டிய இடம் அது. அப்புறம் அதுவும் நின்றது. உடம்பை அவர்கள் எங்கே புதைத்தார்கள் என்பதை நான் காட்டுகிறேன். மண்வெட்டி என் டிக்கியில் இருந்ததுதான்.

செவ்வாய்க்கிழமை அவள் சாத்தித் திறந்து பார்த்தபோது அந்தக் கதவில் கைப்பிடி இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் திருகாணியைக் கழற்றி அதை எடுத்தவன் நான். தர்மன் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது. ஓடுகிற வண்டியிலிருந்து பெண் குதித்துவிட்டால் அடிபடும் அல்லவா.

அன்றைக்கு அருள் சாட்சிக்காரர்களோடு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஐந்து மணி வரைக்கும் நின்றானாம். நான் போகவில்லை. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

தர்மனுக்கு நான் கடன்பட்டிருந்தது தீர்ந்தது. அந்தப் பெண்ணுக்குத்தான் பாக்கி வைத்திருக்கிறேன். சோளிங்கரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு சவாரி. வாடகை வாங்கிவிட்டேன், கொண்டுவந்து விடவில்லை.