மேஜர் ஜெனரல் உக்கிரபாண்டி

அதெப்படிக்கா, நாந்தேன் வாயாடின்னு நீங்களும் சொல்றீக? முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. திருச்சுழி வர இன்னும் நேரங்கெடக்கு.

நிச்சயதார்த்தம் எனக்குத்தான். மல்லாங்கிணறு மண்டபத்து வாசல்ல மாப்பிள்ள வீட்டாளுக பிளக்ஸு கட்டிருந்தாக. சதீஸ்குமார், தங்கமாரின்னு எங்க பேரு ஓரமாப் பொடி எழுத்துல. நடுவுல ஆளு ஒசரத்துக்கு மாப்பிள்ளையோட தாய்மாமன். பின்னால ரெண்டு புலி, ஒரு பீரங்கி. கீழ என்னன்னா, மேஜர் ஜெனரல் உக்கிரபாண்டி! ரிட்டயர்டு ஹவில்தாருதான்க்கா அவுக. பட்டாளத்துல இருந்தவுகதான, பெருசாப் போடுவோம்னு சொந்தக்காரங்ய அடிச்சு வச்சிருக்காங்ய.

நான் எம்.ஏ. படிக்கிறதே ராணுவத்தப் பத்தித்தான். சும்மா இருக்க முடியுமா? பட்டுச்சேலையோட வாசலுக்கு வந்துட்டேன். ஹவில்தாருக்குக் கீழ பத்துப் பேரு. கர்னலுக்கு எண்ணூறு. பிரிகேடியருக்கு மூவாயிரம். மேஜர் ஜெனரல்னா பதினஞ்சாயிரம்! இந்த பஸ்ஸுல அறுவது அறுவதா ஏத்துனாலும் இருநூத்தம்பது பஸ்ஸு வேணும்க்கா. எங்க நிப்பாட்டுறது?

உடனே மாப்பிள்ளையோட அப்பா, சரிம்மா, லெப்டினன்ட் ஜெனரல்னு கொறச்சுப் போட்டுக்கிருவோம்ங்கிறாரு. ஐயோ, அது இன்னும் மேலக்கா! அம்பதாயிரம் பேரு! லெப்டினன்ட்டு மேஜருக்குக் கீழதானங்கிறாரு. தனியா இருந்தாக் கீழ, ஜெனரலு கூடச் சேந்தா மேலன்னேன். எனக்கே பாடம் எடுக்கிறியான்னுட்டாரு. எங்கப்பா சும்மா இருப்பாரா? எம்புள்ளைய ஏன் அதட்டுறீகன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாரு. அம்புட்டுத்தேன். தாம்பாளத்தத் தூக்கிட்டுப் போயிட்டாக.

உக்கிரபாண்டி மாமாவா? அவுக கோவப்படவே இல்லக்கா. மறுவாரம் காலேஜு வாசல்ல வந்து நின்னாக. பத்துப் பேருதாம்மா, ஆனா பத்துப் பேரையும் உசுரோட கூட்டியாந்தேன், அத ஒருத்தனும் பிளக்ஸுல போடலையேன்னாக. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு.

சதீஸா? அன்னைக்கு அந்த பிளக்ஸப் பாத்து மொத ஆளாச் சிரிச்சதே அவருதான். எல்லாரு முன்னாடியும்! அப்படி ஒரு ஆள எங்க தேடுறது? ஆனா எங்கப்பாவும் அவுகப்பாவும் இன்னைக்கு வரைக்கும் எறங்கி வரல. நாங்க எத்தன நாளு காத்துக்கிட்டுக் கெடக்க?

அந்தா, ரிஜிஸ்டர் ஆபீசு ஸ்டாப்பு வந்துருச்சு. ஏக்கா, ஆதார் கார்டு கையில வச்சிருக்கீகள்ல? இல்ல, கல்யாண நோட்டீசு குடுத்து மாசம் ஒண்ணாச்சு, இன்னைக்குக் கையெழுத்து. மூணு சாட்சி வேணுமாம். என் கூடப் படிக்கிற ரோஷினி வந்துட்டா. உக்கிரபாண்டி மாமா காலையில இருந்தே அங்க சதீஸு கூட வெறப்பா நிக்கிறாகளாம். ஒரு ஆளுதாங்க்கா குறையுது.

எறங்குங்க.