கேட்டதற்கு மட்டும் ஜெபித்தவர்

இந்த நினைவுக் கூட்டத்தில் மேடையில் இருக்கும் போதகர் ஐயா அவர்களே, மூப்பர்களே, அங்கிளின் குடும்பத்தாரே, இடமில்லாமல் கதவருகே நிற்கிற நண்பர்களே, உங்கள் எல்லாருக்கும் என் தோத்திரம்.

ஞாயிறுதோறும் மைக்கைச் சரிசெய்கிறவனை மைக்குக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். நான் லிஃப்ட் பழுதுபார்க்கிற பொறியாளன். எனக்கு அலங்காரமாகப் பேச வராது. நீட்டவும் மாட்டேன்.

கண்ணாடி அங்கிள்! நம் சபையின் மூப்பர், சந்திப்புக் குழுவின் தலைவர், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். வியாழக்கிழமை சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொள்வார். சபைக்கு வராமல் நின்றுபோனவர்களின் வீடுகளுக்குப் போவோம். எந்த வீட்டில் நுழைந்தாலும் அவருடைய முதல் பேச்சு ஒன்றுதான்: "அந்தக் கண்ணாடியக் கழட்டிக் குடுங்க, மூக்குல வழுக்குது பாருங்க." சட்டைப்பையிலிருந்து குட்டித் திருப்புளி வெளியே வரும். திருகாணியை முறுக்கி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதற்குள் அந்த வீட்டுக்காரர் தன் கதையைப் பாதி சொல்லி முடித்திருப்பார். இனி எந்த வியாழக்கிழமை அந்தக் காட்சியைப் பார்க்கப்போகிறேன்?

அவர் குழுவுக்குத் தலைவராகும் முன் நாம் வீடுகளை எப்படிச் சந்தித்தோம்? மறந்துவிட்டீர்களா? நம் பொருளாளர் ஐயாவிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன், அதோ, சிரிக்கிறார். ஒரு வெல்டர் வீட்டுக்குப் போனோம். அந்த வெல்டரும் இங்கே இருக்கிறார், "தாராளமா சொல்லு" என்றவர் அவர்தான். பொருளாளர் ஐயா கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்தச் சகோதரன் குடியை விடட்டும், மனைவியை மதிக்கட்டும், காணிக்கையை மறக்காதிருக்கட்டும்..." பெயர்தான் ஜெபம். ஆண்டவரிடம் பேசுவதுபோல் வெல்டரை வெளுத்து வாங்கினோம்! ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் நாற்காலி காலி. சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி சொன்னார்:

"அவரு அப்பவே செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாருங்க. நீங்க மும்முரமா இருந்தீங்க, அதான் கூப்பிடல."

அந்த வாரமே அங்கிள் குழுவின் பொறுப்பை ஏற்றார். அடுத்த வியாழன் அதே வீட்டுக்கு அவரோடு போனேன். வெல்டர் கதவைப் பாதிதான் திறந்தார். "இன்னிக்கு யாரு கண்ண மூடப்போறது?"

"நான் மூடல. உங்க கண்ணாடியக் குடுங்க" என்றார் அங்கிள்.

கிளம்பும்போது கேட்டார்: "உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?"

வெல்டர் யோசித்தார். "தூக்கமே வரமாட்டேங்குது. அதுக்கு வேணா பண்ணுங்க."

"ஆண்டவரே, இவருக்கு நல்ல தூக்கம் குடுங்க. ஆமென்." அவ்வளவுதான் ஜெபம்!

எனக்குப் பொறுக்கவில்லை. தெருமுனை தாண்டியதும் ஆரம்பித்தேன். "அங்கிள், பெரிய பழுத விட்டுட்டு வர்றோம். தூக்கம் வராதது அறிகுறி. காரணம் வேற."

"அந்தக் காரணம் அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"ஆண்டவருக்கு?"

"தெரியும்."

"அப்ப நீ யாருக்குடா சொல்லப்போற?"

வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். ஆலோசனை கேட்டவர்களுக்கு அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார், நான் கூடவே இருந்திருக்கிறேன். கேட்காதவர் தலையில் ஒரு நாளும் கொட்டியதில்லை. வெல்டர் குடியை விட்டாரா என்று உங்களில் சிலருக்கு வாய் துறுதுறுக்கிறது. சொல்லமாட்டேன். அது அவர் விஷயம்.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கிளின் மகள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற அக்கா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பல வருடங்களாக அவர் ஆராதனைக்கு வருவதில்லை. நேற்று கல்லறைத் தோட்டத்தில் நம்மவர்கள் பலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சபைக்கு வரணுங்கறதுதாம்மா அப்பாவோட கடைசி ஆசை" என்றார்கள். அன்பினால்தான் சொன்னார்கள், தெரியும். ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் அக்கா வந்தார்.

"தம்பி, அவர்கூடச் சுத்துனவன் நீதான். அப்பா அப்படிச் சொன்னாரா? என்னாலதான் அவர் நொந்துபோய்ப் போனாரா?"

"சபைக்கு முன்னாலயே பதில் சொல்லட்டுமா அக்கா?" என்றேன்.

"சொல்லு. ஆனா எனக்காக எதையும் பூசி மெழுகாத."

மெழுகவில்லை அக்கா. இதைப் பற்றி நான் அவரிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். "ஊரார் வீட்டுக்கெல்லாம் போறோம். உங்க பொண்ணக் கூப்பிட்டீங்களா அங்கிள்?" வண்டி சிக்னலில் நின்றது. பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். பிறகு சொன்னார்:

"ஆசை இருக்குடா. இல்லேன்னா அது பொய். ஆனா அது என் ஆசை, நான்தான் சுமக்கணும். அவ தலையில எறக்கி வச்சா அவ எனக்காக வருவா. அப்படி ஒருத்தி வந்து உக்காந்திருக்கறதுல ஆண்டவருக்கு என்ன சந்தோஷம்? நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவ வீட்டுக்குப் போறேன், செஸ் ஆடறோம். ஒரு தடவையாவது அப்பன ஜெயிக்க விடறாளா பாரு, கல்நெஞ்சக்காரி! பச்ச விழுந்துடுச்சு, வண்டிய எடு."

சிரித்துக்கொண்டே சொன்னார் அக்கா. நொந்துபோன மனிதர் பேசுகிற பேச்சா அது? அவருக்கு ஆசை இருந்தது. உங்கள்மேல் வருத்தம் இல்லை. இரண்டும் உண்மை.

அன்பர்களே! தன் மகள்மேல் அவர் ஏற்றாத பாரத்தை, அவரை அடக்கம் செய்த கையோடு நாம் ஏற்றலாமா? அவர் பெயரையே பிரம்பாக்கி ஓங்கலாமா? சந்திப்புக் குழு நிற்காது. வருகிற வியாழனும் போவோம். போகிற வீட்டில் முதலில் கேட்போம், கேட்டதற்கு ஜெபிப்போம், அத்தோடு வாயை மூடுவோம். குழுவின் சார்பில் இது என் வாக்கு.

உங்கள் பங்கு இன்றைக்கே தொடங்குகிறது. இந்தக் கூட்டம் முடிந்ததும் அக்கா அந்தக் கதவு வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். கட்டிப்பிடித்து அழ வேண்டுமென்றால் அழுங்கள். "ஞாயித்துக்கிழமை வருவியாம்மா" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கதவருகே நிற்கிறவர்களே, கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள். அவருக்கு வழி விடுங்கள்.