பிரிக்காத உறை

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை. ஆய்வுக்கூடத்தில் காணாமல் போன தரவுகளைப் பற்றித்தானே விசாரணை? எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு மேலே இருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நட்சத்திரத்தை ஒரு கோள் சுற்றினால் நட்சத்திரம் லேசாகத் தள்ளாடும். அதன் ஒளியைப் பிரித்தால் தெரியும் கறுப்புக் கோடுகள் மயிரிழை நகரும். நட்சத்திரத்தின் சொந்தக் கொதிப்பும் அதே கோடுகளை ஆட்டும். எது கொதிப்பு, எது கோள் என்று புள்ளியியல் கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருளை ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதியவன் நான்.

அதற்கு நடந்த பாராட்டு விழாவில், ஒரு நிருபர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். அண்ணன் என் தோளில் கை போட்டார்.

"நம்ம டைப்பிஸ்ட் தம்பி. நான் சொல்லச் சொல்ல அடிப்பான். தப்பில்லாம அடிப்பான், அதையும் சொல்லணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மென்பொருளைச் சோதிக்க, மாதம் ஒரு நட்சத்திரத்தின் தரவில் பொய்க் கோள் ஒன்றைக் கலந்துவிடுவோம். எந்த நட்சத்திரம் என்று எழுதி உறையில் போடுவேன். அண்ணன் உள்ளே பார்க்காமலே, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவார். மாதக் கடைசியில் உறையைப் பிரித்துப் பொய்யை நீக்குவது என் வேலை.

விழா நடந்த மாதத்து உறையை மட்டும் நான் பிரிக்கவில்லை. பொய்யை நீக்கியாயிற்று என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

மென்பொருள் கோளைப் பிடித்தது. அண்ணன் உலகத்துக்கே அறிவித்தார்; மகளின் பெயரை வைத்தார். அதைச் சரிபார்க்கும் அளவுக்கு நுட்பமான கருவி வேறு யாரிடமும் இல்லை. இரண்டு வருஷம் பொறுத்தேன். பெரிய விருது அவருக்கு என்று ஆனதும் அதே நிருபரிடம் உறையைக் கொடுத்தேன். உள்ளே நட்சத்திரத்தின் எண், மேலே அவர் கையெழுத்து. தெரிந்தே ஏமாற்றினார் என்று ஊரே பேசியது. பத்தாம் நாள் அவர் உயிரை விட்டார், தானாகவே.

துக்கம் கேட்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களாவது சொல்லுங்க தம்பி. அந்த நட்சத்திரத்துல நிஜமாவே ஒண்ணும் இல்லையா? அத்தனை வருஷம் பாத்தாரே."

"ஒண்ணுமே இல்ல அண்ணி."

இருந்தது. உறையைக் கொடுப்பதற்கு முந்தின நாள் பொய்யை நீக்கிப் பார்த்தேன். அடியில் சின்னதாக இன்னொன்று, முப்பத்தொரு நாளில் சுற்றுவது, அசல். என் மென்பொருள் கண்ட முதல் கோள். வைத்திருந்தால் அவர் பெயரில் போயிருக்கும். தரவு மொத்தத்தையும் அழித்தேன்.

எழுதிவிட்டீர்களா? இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் உண்மைக்காக. அண்ணன் மேல் எனக்குக் கோபமே கிடையாது.