பச்சை காட்டிய பெட்டி

டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம், சார். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹெப்பகோடி ஃபேக்டரியின் கழிவுத்தொட்டி வாயில், உட்பக்கமாக, ஒரு சென்சார் பெட்டி உண்டு. உள்ளே விஷக்காற்று இருக்கிறதா என்று மோந்து, ஒயர் இல்லாமலே சூப்பர்வைசர் லாயிட்டின் போனுக்குச் சொல்லும். பச்சை காட்டினால் இறங்கலாம். சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது.

ஆடி மாதம் என் மச்சான் ரகு பச்சையில்தான் இறங்கினான். பிணமாகத்தான் ஏற்றினோம். மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். அவனுக்கு வயது இருபத்தாறு.

நான் எழுத்துப் படித்தது நாற்பது தாண்டிய பிறகு. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பேன். லாயிட்டின் மேஜையைத் துடைக்கும்போது டிராயரில் இன்னொரு பெட்டி இருந்தது. தொட்டிப் பெட்டியின் அதே நம்பர். சிவப்பு வந்து வேலை நிற்கிற நாளில் அசலை அணைத்துவிடுவான். இந்த டூப்ளிகேட் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு தொட்டியின் பெயரில் பச்சை சொல்லும். டிராயரை அப்படியே மூடினேன்.

பிறகு இன்ஜினியர் பார்கவி மேடம் வந்து புது சிஸ்டம் போட்டார். ஒரே நம்பர் இரண்டு இடத்திலிருந்து பேசினால் அலாரம் அடிக்கும். லாயிட் பயந்து டூப்ளிகேட்டைக் குப்பையில் போட்டான். நான் எடுத்துக்கொண்டேன்.

"அசல் பேசாம இருந்து, டூப்ளிகேட் மட்டும் பேசினா, மேடம்?" என்று கேட்டேன்.

"நீங்க இன்ஜினியரா போயிருக்கணும், அண்ணா," என்று சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தொட்டியில் விஷக்காற்று கூடியிருந்த செவ்வாய்க்கிழமை அசலின் பேட்டரியைக் கழற்றினேன். டூப்ளிகேட் என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. தொட்டி வால்வு இறுகிவிட்டது, எனக்கு முழங்கால் வலி என்று லாயிட்டிடம் சொன்னேன். மதியம் ஆடிட், அதற்குள் வால்வைத் திறந்தாக வேண்டும்.

போனைப் பார்த்தான். "பச்சைதானேப்பா காட்டுது? மச்சான் போனதுலேர்ந்து சும்னே நடுங்கிக்கினு இருக்கே. மேடம் போட்ட சிஸ்டம், பொய் சொல்லாது. நகரு."

நகர்ந்தேன். நான்கு படி இறங்கினான். கை நழுவி விழுந்தான்.

சத்தம் கேட்டு, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஜோசஃபின் ஓடி வந்தாள். ரகு செத்தபோது மூன்று நாள் சாப்பிடாதவள். "என்னாண்ணே, பாத்துக்கினு நிக்கிறே?" என்று ஏணியில் கால் வைத்தாள். இறங்காதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். ஆளைக் கூப்பிடுவாள். அவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

கொடுங்கள் சார், நானே வாசிக்கிறேன். இரண்டு கொலை என்று போட்டிருக்கிறீர்கள். ஒன்று என்று திருத்துங்கள். ஜோசஃபினைக் கொன்றது லாயிட்.